முதல் கட்டத்துக்குப் பூஜ்யம்

தொலைந்துபோனவர்களைத் தேடும் குழுவின் தலைவனே தொலைந்துபோனால் அவனை யார் தேடுவது என்று என்னிடம் யாராவது கேட்டிருந்தால், "அப்படி ஒரு நிலைமை வராது" என்று சொல்லியிருப்பேன். அந்த மாதிரிப் பதில்களுக்கென்றே ஒரு குரல் வைத்திருக்கிறேன். பயிற்சி வகுப்பிலும் அதுதான், வங்கியிலும் அதுதான், வீட்டுக்கு வரும் குழாய் ரிப்பேர்காரரிடமும் அதுதான். குழாய் ரிப்பேர்காரர் மட்டும் இதுவரை மசியவில்லை.

எங்கள் தேசியப் பூங்கா பூராவும் மலை. பாறைச் சரிவு, பள்ளம், காடு, நினைத்த நேரத்தில் வந்து கண்ணைக் கட்டும் மூடுபனி. பார்க்க வருகிறவர்களில் சிலர் வழி தவறுவார்கள், சிலர் விழுவார்கள். அவர்களைக் கண்டுபிடித்துத் தூக்கிக்கொண்டு வருவது எங்கள் வேலை. கார்கள் நிறுத்தும் இடத்தை ஒட்டி எங்கள் கட்டுப்பாட்டு அறை. சுவர் முழுக்க ஒரு வரைபடம், மேஜையில் வயர்லெஸ், மூலையில் கெட்டில், எந்தக் காலத்திலும் காயாத பூட்ஸ்களின் வாடை. இந்த அறையில் நான் நடுநாயகமாக உட்கார்ந்திருப்பேன்.

அந்தக் கார் நிறுத்தும் இடத்துக்குப் பின்னால்தான் குழந்தைகள் பாதை தொடங்குகிறது. மரங்களுக்குள் வளைந்து வளைந்து போய்த் திரும்பவும் அங்கேயே வந்து சேரும். வழியில் ஆங்காங்கே மரத்தில் செய்த மிருகங்கள், ஒவ்வொன்றின் கழுத்திலும் ஒரு பலகை. முன்பெல்லாம் திருப்பத்துக்குத் திருப்பம் மஞ்சள் அம்புக்குறிகளும் இருந்தன. போன மாதம் அவற்றை நான்தான் பிடுங்கி எறியச் சொன்னேன். "காடுங்கிறது கடைவீதி இல்ல" என்று கூட்டத்தில் சொன்னேன். எல்லாரும் குறித்துக்கொண்டார்கள். எனக்கே ரொம்பப் பிடித்துப்போய் நானும் குறித்துக்கொண்டேன்.

அம்புக்குறி போன பிறகு ஒரு தாயார் புகார் கொடுத்தார். பிள்ளைகள் வழி தெரியாமல் அழுதுவிட்டார்களாம். இயக்குநர் என்னைக் கூப்பிட்டு, அம்புக்குறிகளைத் திரும்ப வைத்துவிடலாமே என்று மெதுவாகக் கேட்டார். எனக்குச் சுருக்கென்றது. நானே ஒரு தடவை நடந்துவிட்டு, "அம்புக்குறி இல்லாமல் ஒரு குழந்தைகூட இந்தப் பாதையில் போகலாம்" என்று பதில் எழுதுவதென்று தீர்மானித்து மறுநாளுக்கு விடுப்பு எடுத்தேன். எதற்கு விடுப்பு என்று குழுவினர் கேட்டார்கள். குழந்தைகள் பாதையில் நடக்கப்போகிறேன் என்று எப்படிச் சொல்வது? "ஒரு கஷ்டமான பாதை இருக்கு. நான் தனியா போய்ப் பாக்கணும்" என்றேன், அந்தக் குரலில்.

மறுநாள் காலை கைபேசியைக் காரிலேயே போட்டுவிட்டுப் போனேன். இடுப்பில் வயர்லெஸ் இருந்தது. குளிக்கப் போகும்போது மட்டும்தான் அதைக் கழற்றுவேன். கழுத்தில் விசிலும் இருந்தது. அணிலைத் தாண்டினேன், ஆமையைத் தாண்டினேன். கரடியிடம் வந்தபோது மூடுபனி இறங்கியது. பாதை இரண்டாகப் பிரிந்தது. எந்தப் பக்கம் என்று சொல்ல அங்கே ஒரு அம்புக்குறி இருந்திருக்கும், யாரோ ஒரு மேதாவி எடுக்கச் சொல்லாமல் இருந்திருந்தால்.

வலது பக்கம் போனேன். கொஞ்ச தூரத்தில் பாதை காணாமல் போனது. அப்புறம் தரையும் காணாமல் போனது. மழைத்தண்ணீர் ஓட வெட்டிய கால்வாய் ஒன்றில் காலை விட்டேன், கணுக்காலில் 'மடக்' என்று சத்தம் கேட்டது. என் மனைவிக்கு ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டு போடும் அறையில் வேலை. அந்தச் சத்தத்தைப் பற்றிச் சாப்பிடும்போதெல்லாம் சொல்லியிருக்கிறாள். ஒரு குச்சியை ஊன்றிக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, நேராக, மிக நேராக நடந்தேன். கடைசியில் பனிக்குள் ஒரு கரடி தெரிந்தது. அடடா, இன்னொரு கரடி வைத்திருக்கிறார்களே என்று சந்தோஷப்பட்டேன். பக்கத்தில் போய்ப் பார்த்தால் அதே கரடி.

மூடுபனியில் நேராக நடப்பதாக நினைப்பவன் வட்டமடித்துப் புறப்பட்ட இடத்துக்கே வருவான் என்று பயிற்சி வகுப்பில் பலகையில் படம் போட்டுக் காட்டுவேன். மாணவர்கள் சிரிப்பார்கள். சிரித்து முடிக்கட்டும் என்று பெருந்தன்மையோடு காத்திருப்பேன்.

அதே வகுப்பில்தான், வழி தவறினால் மூன்று வேலை செய்யுங்கள் என்றும் சொல்வேன். உட்காருங்கள், விசில் ஊதுங்கள், கூப்பிடுங்கள். நான் உட்கார்ந்தேன். மற்ற இரண்டையும் செய்யவில்லை. காரணம், உட்கார்ந்த இடத்திலிருந்து ஒரு கார்க் கதவு சாத்துகிற சத்தம் தெளிவாகக் கேட்டது. அவ்வளவு கிட்டத்தில் இருக்கிறேன். இங்கிருந்து 'காப்பாற்றுங்கள்' என்று கூவுவதைவிடக் கரடியோடு குடித்தனம் நடத்தலாம். பனி விலகட்டும், நொண்டிக்கொண்டே போய், மேலே முகட்டில் கால் பிசகிவிட்டது என்று சொல்லிக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டேன்.

மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு விருந்தாளிகள் வருவதாக இருந்தது. அதை மறந்தே போனேன். மனைவி மறக்கவில்லை. அவள் கட்டுப்பாட்டு அறைக்குப் போன் செய்ய, அவர்கள் எட்டிப் பார்க்க, என் கார் அங்கேயே நிற்க, என் இடுப்பிலிருந்த வயர்லெஸ் பேச ஆரம்பித்தது.

"எல்லாருக்கும் அவசர அழைப்பு. நம்ம சாரைக் காணோம். ஓவர்."

பேசியது குயில். கட்டுப்பாட்டு அறையில் வயர்லெஸ் பார்க்கிற பெண். குரலுக்காக நாங்கள் வைத்த பெயர் அது. பதில் சொன்னது என் மைத்துனன், மனைவியின் தம்பி. குழுவில் எனக்கு அடுத்த இடம் அவனுக்கு. வீட்டில் என்னை மாமா என்பான். வேலையில் சார் என்றுதான் கூப்பிட வேண்டும் என்று நான் சட்டம் போட்டிருந்தேன்.

"சாரையா? சார் எப்படிக் காணாம போவாரு? ஓவர்."

அந்த நிமிஷமே பொத்தானை அழுத்தியிருக்க வேண்டும். 'இங்கேதான் இருக்கேன், வண்டிகளுக்குப் பின்னாடி' என்று சொல்லியிருந்தால் ஒரு வாரச் சிரிப்போடு போயிருக்கும். விரல் பொத்தான் மேல்தான் இருந்தது. அழுத்தவில்லை.

எங்கள் குழுவில் தேடும் முறை ஒன்று உண்டு. நான் கொண்டுவந்தது. வரைபடத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, ஆள் எங்கே இருப்பார் என்று ஒவ்வொருவரும் தனித்தனியாக, ஒருவரையொருவர் கேட்காமல், நூறு மதிப்பெண்ணைப் பங்கு போட்டுக் கொடுக்க வேண்டும். எந்தக் கட்டத்துக்கு அதிகமோ அங்கே ஆள் போகும். பூஜ்யம் வாங்கிய கட்டத்துக்கு யாரும் போகமாட்டார்கள். அவரவர் எழுதி வைத்ததைக் குயில் வயர்லெஸ்ஸில் கேட்டு வாங்கினாள்.

"முதல் கட்டம், குழந்தைகள் பாதை. ஓவர்."

"பூஜ்யம்" என்றான் மைத்துனன்.

"பூஜ்யம். என்ன விளையாட்டா?" என்றது இன்னொரு குரல். அது கயிறு. உடம்பு பீப்பாய், ஆனால் கயிற்று வேலையில் கெட்டிக்காரர் என்பதால் அந்தப் பெயர்.

வரிசையாக எல்லாரும் பூஜ்யம் போட்டார்கள். என் மதிப்பு அவ்வளவு உயரத்தில் இருப்பதைக் கேட்டு, சொன்னால் வெட்கக்கேடு, கால்வலியோடும் எனக்குப் பெருமையாக இருந்தது. கரடியைப் பார்த்துத் தலையை வேறு ஆட்டினேன்.

அதற்குள் என் மனைவி கட்டுப்பாட்டு அறைக்கே வந்துவிட்டாள். காணாமல் போனவரின் வீட்டாரிடம் கேட்க வேண்டிய கேள்விகளைக் குயில் கேட்டு, பதில்களை வெளியே ஜீப்பில் சாமான் ஏற்றிக்கொண்டிருந்த மைத்துனனுக்கு வயர்லெஸ்ஸில் சொல்லிக்கொண்டே வந்தாள். திறந்த அலைவரிசை. பூங்காவின் டிக்கெட் கொடுப்பவர்கள், லாரி டிரைவர்கள் என்று அத்தனை பேர் காதிலும் விழும்.

"சட்டை நீலக் கலர். மாத்திரை கொழுப்புக்கு ஒண்ணு. அதை ஒளிச்சு ஒளிச்சுத்தான் போடுவாராம். வழி கண்டுபிடிக்கிற திறமை..." குயில் நிறுத்தினாள். "மேடம், இதை அப்படியே சொல்லவா?"

"குடு, நானே பேசறேன்" என்று என் மனைவியின் குரல் வந்தது. "தம்பி, தூரமா எங்கேயும் போகாதே. பக்கத்துலயே தேடு. போன வாரம் துணிக்கடையில பேன்ட் போட்டுப் பாக்கப் போனவரு, வெளியே வர வழி தெரியாம அடுத்த ரூம் கதவைத் திறந்துட்டாரு. அந்தம்மா போட்ட சத்தம் கடை முழுக்கக் கேட்டுச்சு. இவரா மலை உச்சிக்குப் போயிருப்பாரு? கார் பக்கத்துலதான் எங்கேயோ சுத்திட்டிருப்பாரு. வச்சுடறேன்."

மூடுபனியிலும் என் காது சூடானது. ஆனால் உலகத்திலேயே ஒருத்தி சரியாகச் சொல்லிவிட்டாள். முதல் கட்டத்துக்கு நூற்றுக்கு நூறு.

"சரிக்கா" என்றான் மைத்துனன், ரொம்ப மரியாதையாக. எனக்கு அந்த மரியாதை தெரியும். நான் சொல்லிக்கொடுத்ததுதான். வீட்டார் சொல்வதைப் பொறுமையாகக் கேளுங்கள், குறித்துக்கொள்ளுங்கள், மதிப்பெண் மட்டும் கொடுக்காதீர்கள், அவர்கள் பதற்றத்தில் இருப்பார்கள். என் சட்டப்படி என் மனைவியின் நூறு செல்லாது.

"சார் நேத்து, கஷ்டமான பாதை, தனியா போகணும்னு சொன்னாரு" என்றான் மைத்துனன். "புகைபோக்கிதான். வேற எதுவும் இல்ல. கயிறண்ணனோட கிளம்பறேன். ஓவர்."

அப்போதுதான் என் பெருமை இறங்கியது. புகைபோக்கி என்பது முகட்டின் பின்பக்கம், இரண்டு பாறைச் சுவர்களுக்கு நடுவே செங்குத்தாக இறங்கும் ஒரு பிளவு. மழை பெய்தால் மேலிருந்து கல் உதிரும். இரண்டு நாளாக மழை பெய்திருந்தது. ஈரத்தில் யாரும் அதில் இறங்கக்கூடாது என்று உத்தரவு போட்டவனும் நான்தான். என் சட்டங்களில் அவன் மீறிய ஒரே சட்டம் அதுதான், அதுவும் எனக்காக.

ஜீப் கிளம்பும் சத்தம் வயர்லெஸ்ஸிலும் கேட்டது, நேராகவும் கேட்டது. இரண்டும் ஒரே சமயத்தில்.

எழுந்து நின்று கத்தினேன். ஜீப் போய்விட்டது. சரி, முகடு வரை போக நேரம் ஆகும், அதற்குள் நானே நடந்து போய்விடுவேன் என்று மறுபடியும் கிளம்பினேன். இத்தனைக்குப் பிறகும் கிளம்பினேன், பாருங்கள். கொஞ்ச நேரத்தில் யாரைச் சந்தித்தேன் என்று சொல்லத் தேவையில்லை. கரடி என்னைப் பார்த்து ஆச்சரியப்படவில்லை.

"மேல வந்துட்டோம்" என்றான் மைத்துனன். மூச்சு வாங்கியது. "ஒண்ணும் தெரியல. கயிறு கட்டறோம்."

"தம்பி, வேண்டாம்டா" என்றாள் என் மனைவி. அவள் குரலில் கிண்டல் போயிருந்தது.

"அக்கா, நான் கீழ கிடந்தா சார் இறங்கியிருப்பாரு."

பொத்தானை அழுத்தினேன்.

"நான்தான் பேசறேன். இறங்காதே. நான் குழந்தைகள் பாதையில இருக்கேன். கரடி பக்கத்துல. கால் பிசகியிருக்கு. வேற ஒண்ணும் இல்ல."

மானம் கப்பலேறிவிட்டது, போகட்டும், இதோ சிரிக்கப்போகிறார்கள் என்று கண்ணை மூடிக்கொண்டேன். சிரிப்பு வரவில்லை. விசும்பல் வந்தது.

"பாத்தீங்களா, சார் எப்பவும் இப்படித்தான்" என்று குயில் அழுதாள். "நம்ம உயிருக்கு ஆபத்து வந்துடக் கூடாதுன்னு பொய் சொல்றாரு."

"அடி பலமா பட்டிருக்கு" என்றார் கயிறு. "நம்மள இறங்கவிடாம தடுக்கறாரு. மனுஷன் தங்கம்யா."

நான் தங்கம் இல்லை என்று எப்படி நிரூபிப்பது? கரடியின் கழுத்துப் பலகையை வாய்விட்டுப் படித்தேன். "வணக்கம் குழந்தைகளே, நான் கரடி. எனக்குத் தேன் பிடிக்கும். குளிர்காலத்தில் நான் என்ன செய்வேன் சொல்லுங்கள் பார்க்கலாம்?"

"அதை எழுதினதே நீங்கதானே சார்" என்றான் மைத்துனன். "உங்களுக்கு மனப்பாடம்."

"டேய், இது உத்தரவு. இறங்காதே!"

"காணாம போனவரு குழப்பத்துல இருப்பாரு, அவர் போடற உத்தரவை எடுத்துக்கக் கூடாதுன்னு நீங்கதான் சொல்லிக்குடுத்தீங்க. இறங்கறேன்."

விசிலை எடுத்து ஊதினேன். கன்னம் வலிக்க ஊதினேன்.

"இருங்க, ஜன்னலைத் திற" என்றாள் என் மனைவி. "எல்லாரும் வாயை மூடுங்க. இங்க பாரு, கேக்குது. பக்கத்துலதான்."

"மேடம், பனியில சத்தம் எந்தப் பக்கம் இருந்து வருதுன்னு நம்ப முடியாது. சாரே சொல்லியிருக்காரு."

"நான் போய்ப் பாக்கறேன்."

"வீட்டாளுங்களை வெளியே அனுப்பக்கூடாதுன்னு உத்தரவு மேடம்."

"யார் போட்ட உத்தரவு?"

"சார்தான்."

"அவர்தான் காணாம போயிட்டாரே" என்றாள். கதவு அறைந்து சாத்தும் சத்தம் கேட்டது, அதுவும் இரண்டு பக்கமிருந்தும்.

அதே நேரத்தில் வயர்லெஸ்ஸில் கயிற்றின் குரல் அலறியது. "கல்லு! தலையைக் குனி! கல்லு!"

அப்புறம் எதுவும் இல்லை. மைத்துனனைக் கூப்பிட்டேன். பதில் இல்லை. மறுபடி கூப்பிட்டேன். எத்தனையோ பேரை மலையிலிருந்து இறக்கியிருக்கிறேன், சிலரைத் துணி போர்த்தியும் இறக்கியிருக்கிறேன். ஆனால் அந்த நேரத்தில் பயந்த மாதிரி நான் என்றைக்கும் பயந்ததில்லை. வயர்லெஸ்ஸை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

"இருக்கேன்" என்றான் கடைசியில். "ஹெல்மெட்ல பட்டுச்சு. இன்னும் கொஞ்சம்தான். இறங்கிடறேன்."

அவனை நிறுத்த என்னிடம் இருந்தது ஒன்றே ஒன்றுதான். அது பூங்கா முழுக்கக் கேட்டது.

"மச்சான், நான் சொல்றதைக் கேளு. நீ கீழ கிடந்தா நான் இறங்கியிருக்க மாட்டேன்டா. மேல நின்னு, ஈரம், சட்டம், நாளைக்குப் பாக்கலாம்னு சொல்லிட்டு இருந்திருப்பேன். உனக்கு மார்க் போட்டுட்டு இருந்திருப்பேன். நான் பெரிய ஆள் இல்ல. குழந்தைங்க பாதையில வழி தெரியாம உக்காந்திருக்கேன். கூப்பிட வெக்கப்பட்டு இவ்வளவு நேரம் வாயை மூடிட்டு இருந்தேன். உன்னை மேல அனுப்பினதே என் வெக்கம்தான். ஏறிடுடா."

அவன் இறங்குகிறானா, நிற்கிறானா என்று தெரியவில்லை. நான் விசிலை ஊதிக்கொண்டே இருந்தேன். பனிக்குள்ளிருந்து, சேறு அப்பிய செருப்போடு, விருந்தாளிகளுக்காகக் கட்டிய நல்ல சேலையோடு என் மனைவி வந்தாள். என்னையும் பார்த்தாள், கரடியையும் பார்த்தாள். வயர்லெஸ்ஸைப் பிடுங்கினாள்.

"தம்பி, உங்க மாமா இங்கதான் இருக்காரு. மேல ஏறி வா."

"நீ கண்ணால பாத்தியாக்கா?"

"காதைப் பிடிச்சுட்டிருக்கேன்."

நிஜமாகவே பிடித்துக்கொண்டிருந்தாள், வலித்தது. கொஞ்ச நேரம் கழித்துக் கயிறு சொன்னார், "ஏறறான். இழுக்கறேன்." அப்போதுதான் என் மனைவி என் பக்கத்தில் பொத்தென்று உட்கார்ந்தாள்.

கட்டுப்பாட்டு அறையில் என்னை நாற்காலியில் உட்காரவைத்துக் கணுக்காலில் துணி சுற்ற ஆரம்பித்தாள். குயில் ஜன்னலைப் பார்த்துத் திரும்பி நின்றாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று கேட்க எனக்குத் துணிவில்லை. ஜீப் வந்து நின்றது. மைத்துனன் உள்ளே வந்து ஹெல்மெட்டைக் கழற்றி மேஜையில் வைத்தான். நெற்றிக்கு மேலே ஒரு விரல் நுழையும் அளவுக்கு உடைந்திருந்தது. நாங்கள் எல்லாரும் அதையே பார்த்தோம். எதிரே கெட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, பூட்ஸ் கயிற்றை அவிழ்க்கப் பார்த்தான். விரல்கள் ஒத்துழைக்கவில்லை.

"மாமா" என்றான், வேலை இடத்தில், எல்லார் முன்னாலும். "நீங்க சொன்னது நிஜமா?"

"எது?"

"எனக்காக இறங்கியிருக்க மாட்டேன்னு சொன்னது. என்னை நிறுத்தறதுக்காகச் சொன்னீங்களா?"

ஆமாம், உன்னை நிறுத்தத்தான் சொன்னேன் என்று சொல்லியிருக்கலாம். அவன் அதைத்தான் எதிர்பார்த்தான். அந்தக் குரல் என் தொண்டை வரை வந்துவிட்டது. மேஜை மேல் இருந்த ஹெல்மெட்டைப் பார்த்தேன்.

"நிஜம்தான்டா. பயந்திருப்பேன்."

அவன் பூட்ஸ் கயிற்றோடு மல்லுக்கட்டுவதை நிறுத்தினான்.

"நானும் பயந்துகிட்டேதான் மாமா இறங்கினேன்" என்றான்.

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. என் மனைவி துணி சுற்றுவதை நிறுத்தி, ரொம்ப வலிக்கிறதா என்று கேட்டாள். வலி காலில் இல்லை என்றேன்.